ஒதுங்கும் கரை

அன்புத் தங்கச்சிக்கு,

வேலை ராமநாதபுரத்துக்கு மாறிவிட்டது, பலகையும் பாயும் பார்சல் சர்வீஸில் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டன, இனி எந்தக் கரையில் இறங்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தாய். இதே கேள்வியை இப்போது வேறு சிலரும் கேட்கிறார்கள். அதனால் உனக்கு எழுதும் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீ விண்ட்சர்ஃபிங் கற்றது முட்டுக்காட்டு உப்பங்கழியில். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் குறைவு. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சற்று நேரத்தில் ஏதோ ஒரு கரை காலில் தட்டும். முகத்துவாரம் திறந்திருக்கும் நாளில், வற்றும் நீர் கடலுக்கு இழுக்கும் நேரத்தில் மட்டும் பாலத்துப் பக்கம் போகாமல் இருந்தால் போதும். ஆனால் அங்கே கற்றவர்களிடம் ஒரு குறை இருக்கும். இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பழக்கமே அவர்களுக்கு வந்திருக்காது. கார் நிறுத்த எங்கே வசதியோ அங்கே பாயை விரித்துப் பழகியிருப்பார்கள்.

விரிகுடாவில் அந்தப் பழக்கம் செல்லாது. இங்கே பாயை விரிக்கும் முன் ஒன்றை யோசி. கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போன பிறகு மாஸ்ட் முறிகிறது. அல்லது பாயையும் பலகையையும் இணைக்கும் யுனிவர்சல் ஜாயின்டின் ரப்பர் அறுந்துபோகிறது. அல்லது ஒன்றுமே உடையவில்லை, உன் கைதான் சோர்ந்துவிட்டது. அந்த நிலையில் காற்றும் நீரோட்டமும் உன்னைப் பலகையோடு சேர்த்து எங்கே கொண்டுபோய்ப் போடும்? அது மணல் கரையாக இருந்தால் இறங்கு. பாறையாகவோ பாலத்தூணாகவோ நடுக்கடலாகவோ இருந்தால், இறங்கும் இடம் எத்தனை அழகாக இருந்தாலும் அன்றைக்கு அது உனக்கு உரிய இடமல்ல. நான் சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்து பிறப்பவைதான்.

இனி ஊரைப் பார்ப்போம். உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரை நிலம் நாக்கு நீட்டியிருக்கிறது. அதற்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்களுக்கு இவை வடகடல், தென்கடல். அலை அடங்கிக் கிடக்கும் வடகடலைப் பெண்கடல் என்றும், சீறும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. இந்தப் பெயர்களை நம்பிப் பருவம் பார்க்காமல் இறங்காதே. வாடை ஓங்கும் மாதத்தில் பெண்கடலின் கோபத்தைப் பாம்பன்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஒரு கடலிலிருந்து மற்றதற்குச் சாலை வழியே சில நிமிடங்களில் போய்விடலாம். பாய் விரிப்பவர்களுக்கு இந்த ஊர் கொடுக்கும் பெரிய வசதி இதுதான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். அக்டோபர், நவம்பர் மழைக்கும் புயலுக்கும் உரிய மாதங்கள். காற்றுக்கு ஒரு நிலை இருக்காது. டிசம்பரில் வடகிழக்கு வாடை நிலைகொண்டு மார்ச் வரை வீசும். கச்சானுக்குத் தென்கரை, வாடைக்கு வடகரை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதித் தேர்வு முடிந்தது.

இன்னொரு விஷயத்தையும் கவனி. வடகரையில் கடலைப் பார்த்து நின்றால் வாடை உன் வலது தோளுக்கு முன்னாலிருந்து வரும். தென்கரையில் கடலைப் பார்த்து நின்றால் கச்சானும் அதே வலது தோளுக்கு முன்னாலிருந்துதான் வரும். கடல் மாறினாலும் பருவம் மாறினாலும் உன் உடம்புக்கு வேலை ஒன்றே. வெளியே போகும்போது வலது கையும் வலது காலும் முன்னால், திரும்பும்போது இடது. முட்டுக்காட்டில் நீ ஒரு பக்கமே வசமாகப் பழகியிருந்தால் முதலில் மற்றப் பக்கத்தையும் சரிசெய்துகொள். போகத் தெரிந்து வரத் தெரியாதவர்களைத்தான் வள்ளக்காரர்கள் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறார்கள்.

காற்று வலதிலிருந்து வருவதால் இரண்டு கரையிலும் நீ இடப்பக்கம் ஒதுங்குவாய். வடகரையில் அது மேற்கு, தென்கரையில் கிழக்கு. ஆகவே பாயைத் தூக்கியதும் தண்ணீரில் கால் வைக்காதே. கரையோரமாக வலப்பக்கம் கொஞ்ச தூரம் நடந்துபோய் இறங்கு. ஒதுங்கினாலும் உன் பை இருக்கும் இடத்திலேயே வந்து சேருவாய்.

வாடைக்கு எந்த இடம்? தயங்காமல் சொல்வேன்: அரியமான், அதற்கு மேற்கே பிரப்பன்வலசை. தரை மணல், சரிவு மெதுவானது, கரை நெடுக இடம் உண்டு. பாக் விரிகுடாவின் மிக ஆழமான இடமே பதின்மூன்று மீட்டரைத் தாண்டாது என்பார்கள். கரையோரத்தில் வெகுதூரம் நடந்தே போகலாம். ஒதுங்கினாலும் கவலை இல்லை. கரை மேற்கே போகப் போக வடக்கு நோக்கித் தேவிபட்டினம் பக்கம் வளைகிறது. வடகிழக்கிலிருந்து தள்ளப்படும் எதையும் அந்த வளைவு மடி ஏந்துவதுபோல வாங்கிக்கொள்ளும். என்ன உடைந்தாலும், நிதானமாகப் பலகைமேல் படுத்துக் கிடந்தால் ஏதாவது ஒரு வலசையின் மணலில் தட்டுவாய். பிறகு செருப்பில்லாமல் சாலை வரை நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் காற்று ஏறக்குறைய கரையை நோக்கியே வருவதால் இங்கே கிளம்புவது சிரமம். குறுகலான, அடுத்தடுத்த அலைகள் பலகையின் மூக்கைத் திருப்பும். முழங்கால் ஆழத்திலேயே ஏறிவிட வேண்டும் என்று ஆசைப்படாதே. நாற்பது சென்டிமீட்டர் ஃபின் போட்டுக்கொண்டு அங்கே ஏறினால், வேகம் பிடிக்கும் நேரத்தில் ஃபின் மணலில் சிக்கும். பலகை நின்றுவிடும், நீ நிற்க மாட்டாய். பாயைத் தாண்டித் தலைகீழாகப் போய் மாஸ்டில் மோதி மூக்குடைவது இப்படித்தான். இடுப்பு ஆழம் வரை நடத்திக்கொண்டு போ. நீர்மட்டம் வேளைக்கு வேளை பெரிதாக ஏறி இறங்கும் கடல் இல்லை இது. அரை மீட்டரை ஒட்டித்தான் மாறும். ஆனால் சரிவு இவ்வளவு மெதுவான கரையில் அந்த அரை மீட்டர், நடக்கும் தூரத்தை வெகுவாகக் கூட்டிவிடும். காலையில் சரியாக இருந்த இடம் மாலையில் மணல் திட்டாகத் தெரியலாம்.

அடுத்த தொல்லை கடற்புல். பாக் விரிகுடாவில் அது பரந்து கிடக்கிறது. ஆவுளியா என்ற கடற்பசு இந்தப் புல்லை மேய்ந்துதான் வாழ்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பை அதற்காக 2022-ல் காப்பகமாக அறிவித்தார்கள். நமக்கு வரும் சிக்கல் அறுந்து மிதக்கும் புல்தான். நேர் ஃபின்னில் அது கொத்தாகச் சுற்றிக்கொள்ளும். காற்று குறைந்துவிட்டதோ என்று நீ நினைப்பாய். பின்பக்கம் நன்றாகச் சாய்ந்த, குட்டையான ஃபின் வாங்கு. இந்தக் கடலுக்குப் புதுப் பாய் வாங்குவதைவிட அதுதான் முதல் செலவு.

கடற்பாசி மிதவைகளையும் பார்த்து வைத்துக்கொள். ஊர்க்காரர்கள் பெப்சி பாசி என்று சொல்லும் கப்பாபைகஸை மூங்கில் சட்டங்களில் கட்டி வளர்க்கிறார்கள்; பெரும்பாலும் பெண்கள் குழுக்களின் உழைப்பு. மூங்கில் நீரோடு நீராகக் கிடப்பதால் வெயில் முகத்தில் அடிக்கும் நேரம் கண்ணுக்குத் தெரியாது. முந்தின மாதம் வெறுமையாக இருந்த இடத்தில் இந்த மாதம் மிதவைகள் இருக்கும். ஒவ்வொரு முறையும் கரையிலிருந்து பார்த்து, கேட்டு, பிறகு இறங்கு. ஒரு மிதவையைக் கிழித்தால் ஒரு குடும்பத்தின் பல வாரக் கூலி போகும்; அந்த ஊரில் உனக்கு இருக்கும் நல்ல பெயரும் அதோடு போகும்.

அரியமானில் சனி, ஞாயிறு சுற்றுலாக் கூட்டம். குளிப்பவர்களுக்கு நடுவே பாயைத் தூக்கிக்கொண்டு போகாதே. காற்று ஒரு முறை சுழற்றினால் மாஸ்ட் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. சவுக்குத் தோப்பு முடியும் வரை நடந்துபோனால் இடம் கிடைக்கும்.

இதே அரியமானுக்கு ஜூன் மாதம் போய்ப் பார். கடல் கண்ணாடியாகக் கிடக்கும். தோப்புக்குப் பின்னாலிருந்து கச்சான் கரையைத் தாண்டிக் கடலுக்குள் போகிறது. கரையோரத்தில் அலையே இல்லை. கற்றுக்குட்டிக்கு இதைவிடச் சொகுசு உண்டா என்று தோன்றும். என் கணக்கில் இந்த வட்டாரத்தில் மிகவும் ஆபத்தான கரை அந்த நேரத்து அரியமான்தான். மரங்களின் மறைவு முடியும் இடம் வரை காற்று விட்டுவிட்டு அடிக்கும்; அதைத் தாண்டியதும் முழு வேகத்தில் பிடிக்கும். அலை இல்லாததால் எவ்வளவு தூரம் போய்விட்டாய் என்பது தெரியாது. திரும்ப நினைக்கும்போது காற்று எதிரே நிற்கும். கை சோர்ந்தால் நீ ஒதுங்க வேண்டியது வடகிழக்கே. அந்தத் திசையில் அருகே நிலம் இல்லை. 1974-ல் இந்தியாவும் இலங்கையும் போட்டுக்கொண்ட எல்லைக்கோடுதான் இருக்கிறது. அந்தக் கோட்டருகே வள்ளத்தில் போனவர்கள் பட்டதையெல்லாம் செய்தித்தாளில் படித்திருப்பாய். எஞ்சின் படகு ஒன்று கூடவே வந்தாலொழிய, கச்சான் காலத்தில் வடகரையில் பாயை விரிக்காதே. ‘கரையோரமாக மட்டும் கொஞ்ச நேரம்’ என்பதற்கும் இதுவே பதில்.

கச்சானுக்குத் தென்கரை என்றேன். அங்கே வேதாளையை ஒட்டிய கரைகளைப் பார். காற்று வலுவானது; மாலையில் மணலை வாரி முகத்தில் அடிக்கும் நாட்களும் உண்டு. கடலுக்குள் சற்றுத் தள்ளித் தீவுகள் வரிசையாகக் கிடப்பதால் பெரிய அலை அங்கேயே உடைந்து, கரைக்கு மிச்சம்தான் வந்து சேரும். அந்தத் தீவுகளுக்குப் போய்வரலாமே என்று உனக்குத் தோன்றும், எல்லோருக்கும் தோன்றும். முயல் தீவு, மனோலி, பூமரிச்சான், குருசடை என்று பெயர்களே கூப்பிடுகின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள் அடங்கும். வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. அனுமதியை விடு, தீவைச் சுற்றிலும் பவளப்பார். ஃபின் பட்டால் ஃபின்னும் போகும், பத்தாண்டு வளர்ந்த பவளமும் போகும். தீவுக்கும் கரைக்கும் நடுவிலும் ஆங்காங்கே பார் உண்டு. கால் மூடிய ரப்பர் காலணி இல்லாமல் தென்கடலில் இறங்காதே.

தென்கரையில் கிழக்கே ஒதுங்குவாய் என்று சொன்னேன் அல்லவா, அந்தக் கிழக்கில் என்ன இருக்கிறது என்று பார். மண்டபம் முனை, அதற்கப்பால் பாம்பன் வாய். கச்சான் காலத்தில் தென்கடல் நீர் அந்த வாய் வழியே வடக்கே பாயும்; வாடைக் காலத்தில் வடகடல் நீர் தெற்கே. இரண்டு கடல்களின் நீரும் அந்த ஒரே சந்தில் முண்டுகிறது. 1914-ல் கட்டிய பழைய ரயில் பாலத்தின் தூண்கள், அருகே 2025-ல் திறந்த புதுப் பாலம், மேலே 1988-ல் வந்த சாலைப் பாலம் என்று தூண்மேல் தூண். பாலத்திலிருந்து கீழே பார்ப்பவர்களுக்கு நல்ல காட்சி. நீரோட்டம் ஒரு தூணில் உன்னை அழுத்திப் பிடித்தால் பலகை, பாய், கயிறு எல்லாம் உன் எதிரிகளாகிவிடும். ஆகையால் மண்டபம் முனையை ஒட்டி இறங்குவதை அடியோடு மறந்துவிடு. வேதாளையில் இறங்கினால், ஒதுங்கினாலும் உனக்குக் கிழக்கே பல கிலோமீட்டர் மணல் மிச்சம் இருக்கும். முனையில் இறங்கினால் அந்த மிச்சம் இல்லை. தண்ணீர் இரண்டு இடத்திலும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

குந்துகாலைப் பற்றியும் கேட்டிருந்தாய். சிகாகோ போய்வந்த விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று வந்து இறங்கிய கரை அது. நினைவு மண்டபம் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வா. மீன்பிடித் துறை ஒரு பக்கம், எதிரே குருசடை, இன்னொரு பக்கம் பாம்பன் வாய். பாய் விரிக்க அங்கே என்ன வேலை?

தனுஷ்கோடி விஷயத்தில் உன்னோடு சண்டை வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன். இரண்டு பக்கமும் கடல், நடுவே சாலை, 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த சர்ச் சுவர், படம் எடுக்க எவருக்கும் ஆசை வரும். அரிச்சல்முனையில் குளிக்கவே கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள், காரணத்தோடுதான். நிலம் முடியும் முனை எதுவானாலும் அங்கே நீரோட்டம் திரும்பும், காற்று திரும்பும், உன்னை ஒதுக்கிவிட அதற்கப்பால் கரை இருக்காது. மணல் திட்டுகள் இருக்கின்றனவே என்பாய். அவை எல்லைக்கோட்டை நோக்கிப் போகும் திட்டுகள். கோதண்டராமர் கோயில் பக்கத்து ஆழமில்லாத நீர்ப்பரப்பு நம் விளையாட்டுக்கென்றே படைத்ததுபோலத் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கும் வட்டாரம் அது. 2025-ல் தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். ஒரு பாய் வேகமாகக் கடந்தால் மொத்தக் கூட்டமும் எழுந்து பறக்கும். பறப்பதற்கு ஆகும் இரையை அவை மறுபடி தேடித் தின்ன வேண்டும். காட்சி நன்றாக இருக்கிறது என்று அதைச் செய்பவர்களோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அக்னி தீர்த்தம் யாத்ரீகர்களுடையது. ஓலைக்குடாவில் கரையை ஒட்டியே பவளப்பார் கிடக்கிறது. தேவிபட்டினத்தில் ஒதுங்கலாம், கிளம்ப முடியாது, சேறு.

இடம் தெரிந்துவிட்டது என்பதற்காக, போனதும் பாயை விரிக்காதே. அரை மணி நேரம் சும்மா நில். ராமநாதபுரம் கரையில் காற்றைக் காட்டக் கருவி தேவையில்லை: தர்கா கொடி, மாதா கோயில் கொடி, எல்லாக் கட்சிக் கொடியும் உண்டு. கட்சிக் கொடிகள் ஒரே திசையில் பறப்பதைப் பார்க்க வேறு வாய்ப்பும் கிடைக்காது. கடலில் ஆங்காங்கே வெள்ளை நுரை தலைகாட்டத் தொடங்கினால் காற்று பத்துப் பன்னிரண்டு நாட் வேகத்தை எட்டியிருக்கும். மணிக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. உன் பெரிய பாய்க்கு அது போதும். கடல் முழுக்க வெள்ளையாக இருந்தால் பெரிய பாயை உறையிலேயே வை.

நீரோட்டத்தைக் கொடி காட்டாது, நங்கூரமிட்ட வள்ளம் காட்டும். வள்ளத்தின் அணியம் காற்று வரும் திசையைப் பார்த்து நின்றால் காற்றுதான் அன்றைக்கு எஜமான். காற்றுக்குக் குறுக்கேயோ முதுகைக் காட்டியோ நின்றால் நீரோட்டம் காற்றை மிஞ்சி நிற்கிறது என்று அர்த்தம். நீ போட்ட ஒதுங்கும் கணக்கைத் திரும்பப் போடு. அங்கே வள்ளமே இல்லையென்றால் ஒரு தேங்காய் மட்டையை எறிந்து அது போகும் வழியைப் பார். பாம்பனில் புயல் கூண்டு ஏறியிருந்தால், எண் ஒன்றாக இருந்தாலும் சரி, வீட்டுக்குப் போய்ச் சேர்.

இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொள்ளாதே. பாயைக் காற்றுக்குக் கொடுத்து, உடம்பை எதிர்ப்பக்கம் வெளியே தொங்கவிட்டுச் சமன் செய்யும் வித்தை நம் ஹார்னஸோடு வந்ததல்ல. பாக் விரிகுடாப் படகுகளில் காற்றுப் பக்கமாக ஒரு பலகையை நீட்டி, அதன்மேல் ஆட்கள் ஏறி உட்கார்ந்து படகு கவிழாமல் ஓட்டுவதை ஜேம்ஸ் ஹார்னல் 1920-ல் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். மீன்வளத்துறையில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்; இந்தியப் படகுகளைப் பற்றி அவர் அளவுக்குப் பொறுமையாக எழுதியவர்கள் குறைவு. தொண்டிப் பக்கத்தில் திருவிழாக்களை ஒட்டி இன்னமும் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. ஒரு முறை போய், கரையில் நின்று, ஒவ்வொரு படகும் எந்த இடத்திலிருந்து கிளம்ப விரும்புகிறது என்பதை மட்டும் பார். பயிற்சி வகுப்புக்குக் கொடுக்கும் பணம் மிச்சம்.

அந்தந்தக் கரைக்காரர்களிடம் கேட்காமல் எங்கேயும் இறங்காதே. படகு வைத்திருக்கும் பெரிய சம்மாட்டி யார் என்று விசாரித்து, “ஐயா, இங்கிட்டு இறங்கலாமா? வலை எங்கெங்க கிடக்கு?” என்று கேள். எங்கே போகக் கூடாது என்பதை முதலில் சொல்வார்கள்; அதுதான் நமக்கு வேண்டியது. மணலில் காயும் வலையைச் செருப்புக் காலோடு தாண்டாதே, சுற்றிப் போ. கரைவலை இழுக்கும் நேரத்தில் அந்தக் கயிறுகள் நீருக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பது உனக்குத் தெரியாது. அவர்கள் இழுத்து முடிக்கும் வரை உட்கார்ந்திரு. ஒரு கை கொடுத்தால் இன்னும் நல்லது.

கிழமைக் கணக்கும் உண்டு. பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகாத ஊர் உண்டு, ஞாயிறு போகாத ஊர் உண்டு. வள்ளங்கள் கடலில் இருக்கும் நாளில் கரை காலியாக இருக்கும், கடலில் வலை நிறைந்திருக்கும். ஓய்வு நாளில் கடல் காலி, கரையில் வள்ளத்துக்கு வள்ளம் இடைவெளி இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் துறையில் கட்டிக் கிடக்கும். கடல் நமக்கே கிடைத்துவிட்டது என்று அப்போது தோன்றும். ஆபத்து என்றால் கண்ணில் படக்கூடிய படகும் குறைவு என்பதை மறந்துவிடாதே.

தென்கரையில் பாசி எடுக்கும் பெண்களைப் பார்ப்பாய். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கி முங்கிப் பாறையிலிருந்து பாசி பறிப்பார்கள். தலை மேலே வரும் நேரம் கொஞ்சம்தான்; வேகமாக வரும் பலகை அவர்களுக்கு எமன். அவர்கள் இருக்கும் திசையை விட்டு விலகிப் போ. கரையேறியதும் போய்ப் பேசு. நீருக்கடியில் எந்தப் பார் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த வரைபடத்துக்கும் தெரியாது. தனியாக வரும் ஒரு பெண்ணுக்கு ஈர உடை மாற்ற ஒரு தட்டி மறைவு, குடிக்கத் தண்ணீர், பொருளைப் பார்த்துக்கொள்ள ஒரு கண் எல்லாம் அவர்களிடமிருந்துதான் கிடைக்கும். நல்ல இறங்குதுறைக்கு இதுவும் ஓர் இலக்கணம். எங்களைப் போன்ற ஆண்கள் எழுதும் குறிப்புகளில் இது இருப்பதில்லை.

பாயை விரிக்கும் இடத்தைக் காலால் தடவிப் பார். இந்த மாவட்டத்தில் சீமைக்கருவேல முள் இல்லாத மண் கிடையாது, பனங்கருக்கு இல்லாத கரை கிடையாது. கருக்கு மட்டைமேல் பாயை விரித்தால் ஒரு காற்றில் பிளாஸ்டிக் தாள் நீளமாகக் கிழிந்துவிடும். மாற்றுப் பாய்க்கு நீ சென்னைக்கோ கோவாவுக்கோ போன் போட வேண்டும். ஒரு பழைய தார்ப்பாய் எடுத்துப் போ.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது நடந்தால், பலகையை விட்டு நீந்தாதே. கரை பக்கத்தில் தெரிந்தாலும் நீந்தாதே. பலகை மிதக்கும், அது பெரிதாக இருப்பதால் தேடுபவர்கள் கண்ணுக்கும் தெரியும். பாயைச் சுருட்ட முடிந்தால் சுருட்டிப் பலகைமேல் போட்டுக்கொண்டு கையால் துழாவி வா; முடியாவிட்டால் பாயைக் கழற்றிக் கடலுக்குக் கொடுத்துவிடு. பணம் போனால் போகட்டும். போனை நீர் புகாத பையில் போட்டு உடம்போடு கட்டிக்கொள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. இறங்கும் முன் பக்கத்துக் கடலோரக் காவல் நிலையத்தில் பெயரையும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போவது நல்லது. எல்லைக் கடல் இது. கலர் கலராக ஒரு பாய் தென்பட்டால் அவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அடையாள அட்டையைப் பையில் வை. வீட்டிலோ அறைத்தோழியிடமோ, எந்தக் கரையில் இறங்குகிறாய் என்பதோடு எந்தக் கரையில் ஒதுங்குவாய் என்பதையும் சொல்லிவிட்டுப் போ. தேட வருபவர்களுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

நீ இதைப் படிக்கும்போது மழை ஓய்ந்து வாடை நிலைகொண்டிருக்கும். முதல் நாள் பிரப்பன்வலசையில் இறங்கு, துணைக்கு ஓர் ஆளோடு. தென்கரையை அடுத்த ஜூனில் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை அந்தப் பக்கம் போனால் கருவாடு வாங்க மட்டும் போ. ஃபின் கிடைக்காவிட்டால் எழுது, என்னிடம் சாய்ந்த ஃபின் ஒன்று சும்மா கிடக்கிறது, அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்